துணை, மாதிரி, உடைமை: பியாட்ரிக்ஸ் பாட்டரின் வளர்ப்புயிர்கள் பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

இங்கிலாந்தின் ஓவியரும் குழந்தைக் கதையாசிரியருமான பியாட்ரிக்ஸ் பாட்டர் (1866–1943) வளர்த்த உயிர்களுக்கும் அவர் வரைந்த படங்களுக்கும் உள்ள உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நீலச் சட்டை போட்ட முயல் இன்று திரைப்படம் வழியாகவும் பொம்மைக் கடை வழியாகவும் தமிழ்க் குழந்தைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த முயலுக்குப் பின்னால் பெயரும் வயதும் விலையும் உள்ள உண்மையான முயல் ஒன்று இருந்ததைப் பலர் அறியார்.

பாட்டரைப் பற்றி எழுதுவோர் பொதுவாக இரண்டு பாட்டரைக் காட்டுவர். ஒருவர், தனிமையில் வாடிச் செல்லப்பிராணிகளிடம் அன்பைக் கொட்டிய பெண். மற்றவர், நுண்ணோக்கியும் கையுமாகக் காளான்களை ஆராய்ந்த இயற்கையறிஞர். இந்தப் பிரிவினையை நாம் ஏற்கவில்லை. அவரிடம் பாசமும் நுண்ணோக்கும் ஒரே பழக்கத்திலிருந்து தோன்றியவை என்பதும், அந்தப் பழக்கத்தை ஊட்டியது அவர் பிறந்த வீடே என்பதும் நம் துணிபு.

2. வரையறைகள்

ஆய்வுக்கு வேண்டிய சில சொற்களுக்கு முதலில் பொருள் வரையறுப்போம்.

துணையுயிர்: பயன் கருதாது உடன் வாழ்வதற்காகவே வளர்க்கப்படும் உயிர். அதற்குப் பெயர் இருக்கும். வீட்டுக்குள் உலவும் உரிமையும் இருக்கும்.

மாதிரியுயிர்: ஓவியரின் முன் நின்றோ கிடந்தோ தன் வடிவத்தைத் தரும் உயிர். அது உயிரோடு இருக்கவேண்டும் என்பது கட்டாயமன்று.

உடைமையுயிர்: பண்ணையின் ஆதாயக் கணக்கில் ஏறும் உயிர். வாங்கப்படும், விற்கப்படும், தேவையானால் உண்ணப்படும்.

இம்மூன்றும் உயிரினத்தின் வகைகள் அல்ல, உறவின் வகைகள். ஒரே முயல் காலையில் மாதிரியாகவும் மாலையில் துணையாகவும் இருக்கலாம். பாட்டரின் வீட்டில் நிகழ்ந்ததும் அதுவே.

இவற்றோடு ஆடைநிலை என்ற சொல்லையும் ஆள்வோம். கதையில் ஒரு விலங்கு மனித உடை அணிந்து மனிதரைப்போல் நடக்கும் நிலையை அது குறிக்கும். உடை நீங்கி, விலங்கு தன் இயல்புக்குத் திரும்புவது ஆடைநீக்கம். இவ்விரண்டின் பயன் 6ஆம் பகுதியில் விளங்கும்.

3. காரணங்கள்

3.1 தந்தையின் ஒளிப்படக் கருவி

பாட்டர் பிறந்தது லண்டன் தெற்கு கென்சிங்டனில், பால்டன் கார்டன்ஸ் 2ஆம் எண் வீட்டில். பாட்டனார் எட்மண்ட் பாட்டர் துணியில் அச்சிடும் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். ஆகவே வழக்கறிஞராகத் தகுதி பெற்றிருந்த தந்தை ரூபர்ட் பாட்டர் தொழில் செய்தாக வேண்டிய நெருக்கடியில் இல்லை. அவருடைய பொழுதைப் பெரிதும் எடுத்துக்கொண்டது ஒளிப்படக் கலை. புகழ்பெற்ற ஓவியர் ஜான் எவரெட் மில்லே அவருக்கு நண்பர். தம் ஓவியங்களுக்குத் துணையாக ரூபர்ட் எடுத்த படங்களை மில்லே பயன்படுத்திக்கொண்டார். இந்த வீட்டில் வளர்ந்த சிறுமிக்கு, அசையாமல் நிற்பதும் ஒளி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பதும் அன்றாட வழக்கமாயின. அவருடைய இளமைக்கால ஒளிப்படங்கள் பலவற்றில் ஏதாவதோர் உயிர் உடனிருக்கிறது: ஸ்பாட் என்ற ஸ்பானியல் நாய், கையில் ஸாரிஃபா என்ற சிற்றெலி, கயிற்றில் பிடித்த பெஞ்சமின் என்ற முயல். வரைவோர் பலர் உண்டு, உற்றுநோக்குவோர் சிலரே, அந்தச் சிலரில் நீயும் ஒருத்தி என்ற கருத்தில் மில்லே கூறியதைப் பாட்டர் தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார்.

3.2 தம்பியின் எலும்புகள்

இரண்டாம் காரணம் தம்பி பெர்ட்ரம். ஆறாண்டு இளையவன். மாடிப் பாடவறையில் இருவரும் சேர்ந்து ஒரு சிறு விலங்குக் காட்சியகமே நடத்தினர்: முயல், முள்ளெலி, பல்லி, தவளை, வௌவால், எலி. இவற்றுள் செத்தவற்றைப் புதைத்துவிட்டு அழுததோடு அவர்கள் நிற்கவில்லை. சிலவற்றை வேகவைத்துச் சதை நீக்கி, எலும்புகளைக் கோத்து முழுக்கூடாக்கி, அவற்றையும் வரைந்தனர்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் அருகே சென்று காண்போம். 1885இல் பெர்ட்ரம் பள்ளிக்குச் சென்றபோது தன் வௌவால்களை அக்காளிடம் விட்டுச் சென்றான். அவற்றுக்கு இரை தேடிக் கொடுப்பது பெரும்பாடாயிற்று. தம்பியிடமிருந்து வந்த கடிதத்தின் சாரம் இது: அரிய வகையைச் சேர்ந்ததை உயிரோடு காக்க முடியாவிட்டால் கொன்று பாடம் செய்துவிடு, ஆனால் பாடம் செய்யுமுன் அளவுகளை மிகக் கவனமாக எடுத்துக்கொள்.

எழுதியவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். படித்தவருக்கு வயது பத்தொன்பது. இதைக் கொடுமை என்று ஒதுக்கிவிடலாம், நாம் ஒதுக்கவில்லை. உயிரின் மீது அவர்கள் கொண்ட மதிப்பு, அதன் அளவைத் தவறாகக் குறிப்பது அதற்கு இழைக்கும் அவமதிப்பு என்று எண்ணுமளவு இருந்தது. இந்த மதிப்பே பிற்காலத்துப் படங்களில் முயலின் பின்னங்கால் வளைவைச் சரியாக நிறுத்தியது. உட்கார்ந்திருக்கும் முயலுக்குச் சட்டை மாட்டினாலும் அந்தச் சட்டைக்குள் முதுகெலும்பு எப்படி வளைகிறது என்பது பாட்டருக்குத் தெரியும். மேற்போக்காகக் கற்ற ஓவியர் பலர் சட்டைக்குள் வெறும் பஞ்சையே வைத்துவிடுவர்.

3.3 கோடைகால இடமாற்றம்

ஆண்டுதோறும் குடும்பம் லண்டனை விட்டுச் சில மாதம் வெளியூர் சென்றது. 1871 முதல் 1881 வரை ஸ்காட்லாந்தின் டால்கைஸ் மாளிகை. 1882 முதல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் பழக்கமாயிற்று. டால்கைஸில் 1875இல் எட்டு ஒன்பது வயதில் வைத்திருந்த வரைபுத்தகத்தில் கம்பளிப்புழுக்களின் படங்களும் அவற்றைப் பற்றிய குறிப்புகளும் உள்ளன. வளர்ப்புயிர்களும் இப்பயணங்களில் கூடவே சென்றன. இதைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை; நகரத்தில் கூண்டுக்குள் கண்டதைக் காட்டில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு ஆண்டுதோறும் அவருக்குக் கிடைத்தது என்பது போதும்.

3.4 மறையெழுத்து

பதினைந்து வயதளவில் தொடங்கி முப்பது வயதுவரை பாட்டர் ஒரு நாட்குறிப்பைத் தாமே அமைத்த மறையெழுத்தில் எழுதினார். மறையெழுத்தாவது, வழக்கிலுள்ள எழுத்துகளுக்கு ஈடாக வேறு குறிகளை வைத்து, பிறர் படிக்க இயலாதவாறு எழுதுவது. அவர் இறந்து பதினைந்து ஆண்டுக்குப் பின், 1958இல், லெஸ்லி லிண்டர் அதை அவிழ்த்தார். XVI என்ற எண்ணும் 1793 என்ற ஆண்டும் ஒரே பக்கத்தில் கண்ணில் பட, அது பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி தலை துண்டிக்கப்பட்ட செய்தியாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்தார். அங்கிருந்து மற்ற எழுத்துகள் பிடிபட்டன. நூலாக வெளிவந்தது 1966இல்.

இத்தனை காப்புடன் எழுதியதில் அந்தரங்கம் ஏதும் இருக்கும் என்று தேடியவர்கள் ஏமாந்தார்கள். அதில் உள்ளவை ஓவியக் காட்சிகள் பற்றிய கடுமையான தீர்ப்புகள், பெரியவர்களின் பேச்சு, தன் முயல் செய்த சேட்டை. யாருக்காகவும் எழுதாமல், கண்டதைக் கண்டவாறே எழுதும் பயிற்சிக்களமாக அந்நூல் இருந்தது என்றே நாம் கொள்கிறோம்.

4. துணையும் மாதிரியும் ஒன்றாகும் இடம்

பெஞ்சமின் பவுன்சர் என்ற முயலை லண்டன் பறவைக் கடையொன்றில் வாங்கிக் காகிதப் பையில் வைத்து, பெற்றோர் அறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெண்ணெய் தடவிய சூடான ரொட்டி அதற்கு உயிர். தேநீர் மணி அடித்தால் ஓடிவரும். 1890இல் அதை மாதிரியாகக் கொண்டு வரைந்த வாழ்த்து அட்டைப் படங்களை ஹில்டஷைமர் அண்ட் ஃபாக்னர் என்ற பதிப்பகம் 6 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. ஓவியராகப் பாட்டர் ஈட்டிய முதல் வருவாய் இது. மகிழ்ச்சியில் முயலுக்கு ஒரு கோப்பை நிறையச் சணல் விதை கொடுத்தார். மறுநாள் காலை வரைய அமர்ந்தபோது முயல் போதையேறி ஓரிடத்தில் நிற்கவில்லை என்று நாட்குறிப்பு சொல்கிறது.

இதில் நம் வகைப்பாட்டுக்குத் தேவையான செய்தி ஒன்றுண்டு. விருந்து துணையுயிருக்கு, அதன் விளைவைச் சுமந்தது மாதிரியுயிர். இரண்டும் ஓருடலில் இருந்ததால் ஒன்றுக்குச் செய்தது மற்றதையும் தாக்கிற்று. மாதிரிக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிடும் ஓவியருக்கு இத்தொல்லை இல்லை.

பீட்டர் பைப்பர் என்ற அடுத்த முயல் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலுள்ள அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் நாலரை ஷில்லிங்குக்கு வாங்கப்பட்டது. அந்த விலையைக் கொள்ளை விலை என்று பாட்டரே நொந்துகொண்டார். வளையத்துக்குள் தாவுவதற்கும் மணி அடிப்பதற்கும் அதைப் பழக்கினார். ஒன்பதாண்டு வாழ்ந்து 1901 சனவரி 26இல் அது இறந்தது.

முள்ளெலியான திருமதி டிக்கி வேறு தன்மையது. பொம்மைக் கோப்பையில் பால் குடிக்கும், ரயிலில் உடன்வரும், மடியில் படுத்தால் இன்பமாக உறங்கும். ஆனால் படத்துக்காக நிமிர்த்தி நிறுத்திவைத்தால் அரைமணி நேரத்தில் பரிதாபமாகக் கொட்டாவி விடும், அதற்குமேல் கடித்துவிடும். இதைப் பதிப்பாளர் நார்மன் வார்னுக்கு எழுதிய பாட்டர், துணி உடுத்தும் தோற்றத்துக்கு மட்டும் பஞ்சுப் பொம்மையொன்றைச் செய்து கொள்ளப்போவதாகவும் சொன்னார். உடைக்குப் பொம்மை, முகத்துக்கும் கைகால்களுக்கும் டிக்கி என்ற இப்பங்கீடு எளிய தொழில்நுட்பம்தான். ஆயினும் எது இரவல், எது மெய் என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை என்பதை இது காட்டுகிறது.

இங்கே குடும்ப நினைவும் வந்து கலக்கிறது. 1905இல் வெளிவந்த முள்ளெலிக் கதையின் நாயகி ஒரு சலவைக்காரி. அவளுக்கு மூலம், டால்கைஸ் கோடைகளில் பாட்டர் குடும்பத்துக்குத் துணி வெளுத்த கிட்டி மெக்டொனால்டு என்ற முதியவள். 1892இல் அவளை மீண்டும் கண்டபோது அவளுக்கு எண்பத்து மூன்று வயது. வெள்ளைக் குல்லாயும் பல அடுக்குப் பாவாடையுமாக இருந்த அந்த மூதாட்டியின் நினைவு முள்ளெலியின் உடலில் ஏறிக்கொண்டது. மாதிரியுயிர் எதிரே இருப்பது. நினைவுமாதிரி எதிரே இல்லாதது. முள்ளெலி உடலைத் தந்தது, கிட்டி உடையையும் தொழிலையும் தந்தாள்.

ஹங்கா மங்கா என்ற சுண்டெலி, உறவினர் வீட்டுச் சமையலறைப் பொறியிலிருந்து மீட்கப்பட்ட இரண்டில் ஒன்று. நார்மன் வார்ன் தச்சுவேலை தெரிந்தவர். உள்ளே நடப்பதைப் பார்க்கக் கண்ணாடி முகப்பு வைத்து அவற்றுக்கு ஒரு வீடு செய்துகொடுத்தார். தம் அண்ணன் மகளுக்கு அவர் செய்த பொம்மை வீடே 1904இல் வந்த இரு கெட்ட எலிகளின் கதைக்குக் களமாயிற்று. அந்த வீட்டை நேரில் சென்று பார்க்கப் பாட்டரின் தாய் இசையவில்லை. முப்பத்தெட்டு வயதை நெருங்கும் மகள் ஒரு பொம்மை வீட்டைப் பார்க்கவும் தாயின் இசைவு வேண்டியிருந்தது! நார்மன் ஒளிப்படங்களை அனுப்பினார்; கடையில் விற்கும் சுண்ண உணவுப் பொம்மைகளையும் வாங்கி அனுப்பினார். கதையில் எலிகள் உடைத்துப் பார்த்துக் கோபம்கொள்ளும் பன்றித்தொடை அப்படி வந்ததே. 1905இல் விளக்குக் கொத்திலிருந்து விழுந்த ஹங்கா மங்கா, தள்ளாடியபடி தன் சிறு வீட்டின் படியேறி, சற்று நேரத்தில் பாட்டரின் கையிலேயே உயிர்விட்டது. அவ்வாண்டு சூலையில் நார்மனுக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயமாயிற்று. வணிகக் குடும்பத்து மாப்பிள்ளை என்று பெற்றோர் எதிர்த்தனர். ஒரு மாதத்தில், ஆகஸ்டு 25இல், நார்மன் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

5. படமடலிலிருந்து நூல்வரை

படமடல் என்பது சொற்களுக்கிடையே சிறு கோட்டோவியங்கள் வைத்து எழுதப்படும் கடிதம். பாட்டரின் முன்னாள் ஆசிரியை ஆனி மூரின் மகன் நோயல் நோயுற்றிருந்தபோது, 1893 செப்டம்பர் 4இல், ஸ்காட்லாந்திலிருந்து அவனுக்கு அவர் எழுதியது அத்தகைய மடல். எழுத வேறு செய்தி இல்லாததால் நான்கு முயல்களின் கதையைச் சொன்னார். மறுநாள் அவன் தம்பிக்குத் தவளைக் கதை ஒன்று போயிற்று. அதுவே 1906இல் ஜெரமி ஃபிஷர் நூலாயிற்று.

ஆசிரியை தூண்ட, முதல் மடலைச் சில ஆண்டுகளுக்குப் பின் சிறுவனிடமிருந்து இரவல் வாங்கி விரித்தெழுதினார். பதிப்பகங்கள் பல மறுத்தன. 1901 டிசம்பரில் தம் செலவில் 250 படிகள் அச்சிட்டார். ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் 1902 அக்டோபரில் வண்ணப்படங்களுடன் வெளியிட்டது. முதல் அச்சான 8,000 படிகளுக்கும் நூல் வெளிவருமுன்பே முன்பதிவு முடிந்திருந்தது.

தேதிகளை ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். முதல் நூல் அச்சேறியபோது பீட்டர் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. தம் கைப்படியில் அம்முயலின் நினைவாக, அதன் இறந்த நாளையும் வயதையும் பாட்டர் எழுதிவைத்தார். அதன் அறிவுக்குச் சில எல்லைகள் உண்டென்றும், குணம் மட்டும் மாறாத இனிமையுடையது என்றும் அக்குறிப்பு கூறுகிறது. இரங்கலிலும் மிகைபடக் கூறாத அந்த நேர்மையே நம் துணிபுக்கு நாம் காட்டும் முதற்சான்று.

6. ஆடைநிலையின் விதி

பாட்டரின் விலங்குகளுக்கு மனித உடை ஏன்? குழந்தைகளைக் கவர என்பது பொதுவான விடை. கதைகளை ஊன்றிப் பார்த்தால் உடை ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டிருப்பது தெரியும்.

முதல் நூலின் முயலான பீட்டர் தோட்டத்தில் துரத்தப்படும்போது முதலில் காலணிகளை இழக்கிறது. இழந்ததும் நான்கு காலால் ஓடுகிறது; வேகம் கூடுகிறது. பின் சட்டையின் பொத்தான் வலையில் சிக்க, சட்டையையும் விட்டுத் தப்புகிறது. ஆடைநீக்கம் இங்கே உயிர்காப்பு. ஜெரமி தவளையைக் கவ்விய மீன், மழைச்சட்டையின் சுவை பிடிக்காமல் துப்பிவிடுகிறது. இங்கோ ஆடையே உயிர்காப்பு. டிக்கியின் கதை முடிவில் சிறுமி திரும்பிப் பார்க்கையில் குல்லாயும் பாவாடையும் காணோம். குன்றின்மேல் ஓடுவது வெறும் முள்ளெலி. டாம் என்ற பூனைக்குட்டிக்கோ தாய் போட்டுவிட்ட இறுக்கமான உடையில் பொத்தான்கள் தெறிக்கின்றன.

ஆகவே உடல்மெய்ம்மை மாறாத அளவுக்கே ஆடை இசைவு பெறும் என்பது விதி. உடல்மெய்ம்மையாவது, ஓர் உயிரின் எலும்பு, தோல், நடை ஆகியவை படத்தில் பொய்யாகாமல் இருத்தல். பாட்டரே இவ்விதியை நகைச்சுவையாகச் சொன்னதுண்டு. கென்னத் கிரகாம் தம் கதையில் தேரை தலைவாருவதாக எழுதியதை அவர் குறைகூறினார். தவளை மழைக்காலணி போட்டுக்கொள்ளலாம், தேரைக்குத் தாடியும் பொய்முடியும் வைப்பதைத் தம்மால் ஏற்க முடியாது என்பது அவர் வாதம். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். காலணி கழற்றக்கூடியது, முடி தோலில் முளைப்பது. முன்னது உடை, பின்னது உடல். உடலில் பொய் சொல்லக்கூடாது.

7. உடைமையுயிர்

நார்மன் இறந்த அதே ஆண்டில், நூல்களின் வருவாயும் அத்தையிடமிருந்து வந்த சிறுதொகையும் கொண்டு ஏரி மாவட்டத்து நியர் சாரி ஊரில் ஹில் டாப் பண்ணையைப் பாட்டர் வாங்கினார். மூன்றாம் வகை உயிர் அவர் வாழ்வில் நுழைவது இங்கே.

புதிய வகை வந்ததும் பழையவை மறைந்துவிடவில்லை, எல்லைகள் உரசின. மரபுச்சான்று இல்லாத கருநிறப் பெண் பன்றிக்குட்டி ஒன்றைப் பண்ணை மேலாளர் ஏற்கவில்லை. பாட்டர் அதைத் தம் படுக்கையருகே கூடையில் வைத்து, புட்டிப்பால் ஊட்டி வளர்த்தார். பின்பு 1913இல் வந்த கதையில் அது பிக்-விக் ஆயிற்று. உடைமையாகத் தகாதது துணையாகி, மாதிரியும் ஆனது.

இதே பண்ணையில் பன்றிகள் விற்கப்பட்டன, உப்பிடப்பட்டன. பாட்டர் இதை மறைக்கவில்லை. பீட்டரின் தந்தை அப்பத்துக்குள் போனதை முதற் கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டவர் அவர். 1908இல் வந்த வாத்துக் கதையில், ஜெமைமா தன்னைச் சமைப்பதற்கான வெங்காயத்தையும் மூலிகையையும் தானே சேகரித்துச் செல்கிறாள். அவளைக் காப்பது கெப், பாட்டரின் சொந்த மேய்ப்புநாய். கதையில் கெப்புக்கு உடையே இல்லை. உதவிக்கு வந்த வேட்டைநாய்க் குட்டிகளுக்கும் இல்லை. காப்பாற்ற வந்த அவை வாத்தின் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. பண்ணையில் வேலை செய்யும் நாய்க்கு ஆடைநிலை பொருந்தாது என்று அவர் கருதியதாகவே நாம் ஊகிக்கிறோம்.

குடும்பத்தில் நிலம் நோக்கிச் சென்றவர் அவர் மட்டுமல்லர். பெர்ட்ரம் ஓவியராகி, 1902இல் பெற்றோர் அறியாமல் மணம் செய்து, ஸ்காட்லாந்தில் பண்ணை நடத்தினார். 1913இல் வில்லியம் ஹீலிஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞரைப் பாட்டர் மணக்க விரும்பியபோது பெற்றோர் மீண்டும் தடுக்க, தம்பி தன் திருமணத்தை அப்போதுதான் வெளிப்படுத்தினார். அக்காளின் மணம் அக்டோபரில் நடந்தது. 1918இல் பெர்ட்ரம் இறந்தார்.

மணத்துக்குப்பின் கதைகள் குறைந்தன. ஹெர்ட்விக் என்ற மலைச்செம்மறி இனம் அவர் கவனத்தைப் பிடித்தது. 1920களில் டிரவுட்பெக் பார்க் என்ற பெரும் மேய்ச்சல் பண்ணை அவர் கைக்கு வந்தது. 1943இல் ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொறுப்பேற்குமுன் அவ்வாண்டு டிசம்பர் 22இல் காலமானார். முதுமையில் ட்சூசி, சூலே என்ற இரு பீக்கிங் நாய்கள் வீட்டுக்குள் இருந்தன. எந்தப் புகழ்பெற்ற கதையிலும் அவை இடம்பெறவில்லை. மாதிரியாக வேண்டிய கட்டாயமின்றித் துணையாக மட்டும் இருந்த உயிர்கள் அவை.

8. உயில்

இம்மூன்று உறவுகளையும் பாட்டர் கடைசியாக வரிசைப்படுத்திய இடம் அவருடைய உயில். 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும், கணவரின் வாழ்நாள் உரிமைக்குப் பின், தேசிய அறக்கட்டளைக்கு அவர் விட்டுச்சென்றார். அவ்வமைப்பை நிறுவிய மூவருள் ஒருவரான ஹார்ட்விக் ரான்ஸ்லி, 1882ஆம் ஆண்டுக் கோடையில் குடும்பத்துக்கு அறிமுகமானவர். மலைப்பண்ணைகளின் ஆட்டுமந்தை கலப்பில்லாத ஹெர்ட்விக் இனமாகவே தொடரவேண்டும் என்பது உயிலின் ஒரு விதி. உடைமையுயிருக்கு உரியது அது. டிரவுட்பெக் நிலத்தில் நீர்நாய் வேட்டையும் காட்டுமுயல் வேட்டையும் கூடாது என்பது மற்றொன்று. ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்லும் நரியை அந்தத் தடை காக்கவில்லை. பண்ணைக்காரி கணக்குப் பார்த்தே கருணை காட்டியிருக்கிறார்.